ரத்தம் கொடுக்கப் போன காலைகள்

மாமா,

நேற்று கம்பம் டவுனுக்கு ரத்தம் பார்க்கப் போயிருந்தேன். எனக்குச் சர்க்கரை வந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம். மதியத்துக்கு மேல் வகுப்பில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறது. பரிசோதனை நிலையத்துப் பெண் என் முழங்கைக்கு மேலே ரப்பர் குழாயைக் கட்டி, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. அங்கே நீங்கள் இருக்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஊசியைப் பார்க்கப் பயந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு. அங்கே ஒரு காலி நாற்காலியும் அதில் யாரோ மறந்துவிட்டுப் போன குடையும்தான் இருந்தன.

"என்னக்கா, கண்ணு கலங்குது? வலிக்குதா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லத்தா. இந்த வாடை எனக்கு ஆகாது" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்? நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. ஊரில் உங்கள் பேச்சு வந்தால், ஒரு நாள் வாய்க்கால் ஷட்டரைத் திறந்துவிட்ட பைத்தியக்காரர் ஒருவர் வருகிறார். இல்லாவிட்டால் கடைசிக் காலத்தில் சுவரைப் பிடித்து நடந்த நோயாளி ஒருவர் வருகிறார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்னோடு குடியிருந்த மனிதரைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

நம் மகள் நடை பழகிய வருடம் நீங்கள் முதன்முதலாகப் படுத்தீர்கள். வாய்க்கால் ஷட்டர்களை முறைப்படி ஏற்றி இறக்கும் லஸ்கர் வேலை உங்களுக்கு. விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையோடு போய்விடுகிற ஆள், ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல புள்ள. மேல ஒரு பாறாங்கல்லத் தூக்கி வச்சாப்புல இருக்கு" என்றீர்கள். குழந்தை வந்து முதுகில் ஏறினாலும் நீங்கள் திரும்பவில்லை.

தேனியில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நல்ல மனிதர்தான். வெளியே கூட்டம் காத்திருந்தது. பசி எப்படி, தூக்கம் எப்படி, அழுகை வருமா, சாகலாம் போல எண்ணம் வருமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதினார். அது பொய்யில்லை. அன்றைக்கு அந்த அறையில் உட்கார்ந்திருந்தவருக்கு இருந்தது மனச்சோர்வுதான். அதற்கு முன் வருடம், எங்கள் அத்தை வீட்டுக் கல்யாணத்தில் நீங்கள் இரவு பகலாகத் தூங்காமல் பந்தல்காரர்களோடு பந்தல்காரராகவும் சமையல்காரர்களோடு சமையல்காரராகவும் நின்று, மண்டபத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வேலை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்ததை அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்த நாட்களை யார் டாக்டரிடம் சொல்வார்கள்?

மாத்திரை வேலை செய்தது. எழுந்தீர்கள், குளித்தீர்கள், மகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனீர்கள். நான் முருகனுக்கு நேர்ந்துகொண்டதையெல்லாம் செய்து முடித்தேன். செய்து முடிப்பதற்குள் நீங்கள் இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தீர்கள். வீட்டுக் கதவு ஜன்னல்களுக்கெல்லாம் நீலப் பெயிண்ட் அடித்தீர்கள். பெயிண்ட் மிஞ்சியது என்று பக்கத்து வீட்டுக் கதவுக்கும் அடித்தீர்கள். அவர்கள் சண்டைக்கு வந்தபோது, "ஒங்க கதவு அழுதுக்கிட்டு இருந்துச்சுய்யா" என்றீர்கள். அவர்களே சிரித்துவிட்டார்கள். பேருந்தில் பழக்கமானவர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தீர்கள். தூக்கம் இல்லை, களைப்பும் இல்லை. கண் மட்டும் எண்ணெய் ஊற்றிய விளக்கு மாதிரி எரிந்தது.

பிறகு அந்த நடுப்பகல். நான் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "டீச்சர், ஒங்க வீட்டுக்காரரு அங்கன கரைமேல நின்னு பேசிக்கிட்டு இருக்காரு. தண்ணி ஒடச்சுக்கிட்டு ஓடுது" என்று ஓர் ஆள் வந்து சொன்னார். ஓடினேன். கடைமடைக்குப் போகும் ஷட்டரை, தண்ணீர் முறை வராத நாளில், முழுக்க மேலே ஏற்றிவிட்டிருந்தீர்கள். வாய்க்கால் கொள்ளாமல் ஓரிடத்தில் கரை பிளந்து, கீழே இருந்த வாழைத்தோட்டம் ஏரியாக நின்றது. கடைமடைக்காரர்கள் கூட்டமாக வந்து குதூகலித்தார்கள்; ஒருவர் தன் துண்டை உங்கள் தோளில் போட்டார். நீங்கள் ஷட்டர் மேடையில் நின்று, "இனிமே யாருக்கும் முறை கெடையாது! எல்லா மடைக்கும் எந்நாளும் தண்ணி! ஆத்தா முல்லையாறு யாருகிட்ட முறை கேட்டு வந்தா?" என்று முழங்கிக்கொண்டிருந்தீர்கள்.

என்னைப் பார்த்ததும் உங்கள் முகத்தில் வந்த மலர்ச்சி! "வா புள்ள, வந்து பாரு" என்று கை நீட்டினீர்கள். நான் கீழே சேற்றில் நின்று, "எறங்கி வாங்க மாமா, எறங்கி வாங்க" என்று கெஞ்சினேன். அவ்வளவு சந்தோஷமான மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அவ்வளவு பயந்ததும் இல்லை.

தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். பிடித்துக் கட்டிக் கூட்டிப்போய் ஊசி போட்டோம். ஊசி உங்களை மரமாக்கியது. மரம் மெல்ல இளகிக் கீழே விழுந்தது, மறுபடி சுவர்ப்பக்கம். மறுபடி அதே மனச்சோர்வு மாத்திரை. மறுபடி மேலே. வருடக்கணக்கில் நாம் இப்படித்தான் இருந்தோம், மாமா. படுத்தால் மாத்திரை, பறந்தால் ஊசி. ஒவ்வொரு முறையும் எதிரில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு வைத்தியம் நடந்தது. அந்த ஆளுக்கு முன்னால் இருந்தவரையும் அடுத்து வரப்போகிறவரையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. உங்கள் அண்ணன் மட்டும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "தம்பிக்கு இனிமே சரிப்படாதுத்தா. வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்டோட வச்சுக்க" என்றார். கோபத்தில் சொல்லவில்லை; கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

மதுரைக்குப் போனது தற்செயலாகத்தான். தேனி டாக்டர் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் நீங்கள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தீர்கள். யாரோ சொல்லி, மதுரையில் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். அவர் உங்களிடம் பேசி முடித்துவிட்டு, வெளியே உட்காரச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவரோட துக்கத்தைப் பத்தி ரெண்டு பேரும் சொல்லிட்டீங்க. அவருக்குச் சந்தோஷம் எப்படிம்மா வரும்?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. நீலக் கதவைச் சொன்னேன், கல்யாண மண்டபத்தைச் சொன்னேன், ஷட்டரைச் சொன்னேன். தூக்கம் எந்த மாதத்தில் குறைந்தது, மாத்திரை எந்த மாதத்தில் தொடங்கியது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார். பிறகு உங்களையும் உள்ளே அழைத்து, இது இருமுனை நோய் என்றார். மேலும் கீழுமாகப் போவது ஒரே வியாதி. கீழே கிடக்கும்போது தூக்கிவிடும் மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், சிலரை அது கூரைக்கு மேலேயே தூக்கிவிடும்.

லித்தியம் எழுதினார். "இது ஒரு உப்பு. ஒடம்புல கொறைஞ்சா வேலை செய்யாது, கூடுனா விஷம். நடுவுல ஒரு சின்ன வரப்புதான் இருக்கு. அதுக்குத்தான் அடிக்கடி ரத்தம் பாக்கணும்" என்றார்.

அத்தனை சோர்விலும் நீங்கள் தலையைத் தூக்கினீர்கள். "மட்டம் பாக்குறது என் தொழிலுதான், டாக்டர்."

அவர் சிரித்தார். "நான் ஒண்ணும் புதுசா செய்யலைங்க. எதை முதல்ல குடுக்கணும், எதைத் தனியாக் குடுக்கக் கூடாது, எப்பப்ப என்ன பரிசோதனைன்னு பெரியவங்க கூடிப் பேசி எழுதி வச்சிருக்காங்க. அதை விடாமச் செய்யறேன். நீங்க விடாம வாங்க."

திரும்பி வரும் பேருந்தில் நீங்கள் என் தோளில் தூங்கினீர்கள். உசிலம்பட்டி தாண்டும்வரை எனக்குள் ஒரே எரிச்சல். எழுதி வைத்திருக்கிறார்களாம். இத்தனை வருடமும் எழுதித்தான் இருந்ததா? அந்தப் புத்தகம் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி நம் பக்கம் வரவில்லையா, வந்தும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லையா? யாரைக் கேட்பது? எல்லோரும் நல்லவர்கள்தான். எல்லோருக்கும் வெளியே கூட்டம் காத்திருந்தது.

அதற்குப் பிறகு வந்தவைதான் நம்முடைய நல்ல வருடங்கள். லித்தியம் அளவைப் பார்க்க அப்போது மதுரைக்குத்தான் போக வேண்டும். முந்தின இரவு மாத்திரை சாப்பிட்டுவிட்டு, காலை மாத்திரை போடாமல் ரத்தம் கொடுக்க வேண்டும். முதல் பேருந்து. நீங்கள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். ஆண்டிபட்டி வரும்போது வெயில் ஏறும். "ஊரெல்லாம் மதுரைக்குச் சீல எடுக்கப் போறாக. நாம ரத்தம் குடுக்கப் போறோம்" என்பீர்கள், முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. ரத்தம் கொடுத்ததும் அந்தச் சந்து முனைக் கடையில் இட்லி. ஊசி குத்திய கையை மடக்கி வைத்துக்கொண்டு மற்றக் கையால் உங்கள் தட்டிலிருந்து எனக்கு ஒன்று எடுத்து வைப்பீர்கள். நமக்குத் தேனிலவு என்று ஒன்று நடந்திருந்தால் அது அந்தக் காலைகளில்தான் நடந்தது.

வேலைக்குத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கரையோடு சைக்கிளில் போவதை மாடியிலிருந்து பார்ப்பேன். கை லேசாக நடுங்கும். டீயைப் பாதி டம்ளர்தான் வாங்குவீர்கள். ஒருமுறை, மகள் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கி வந்தபோது, நீங்கள் அவள் தலையைத் தடவிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். அவள் போன பிறகு சொன்னீர்கள்: "முன்ன மாதிரி இருந்தா இன்னைக்கு ஊருக்கே முட்டாய் குடுத்திருப்பேன். இப்ப சந்தோஷம் வந்து வாசல்லயே நின்னுக்கிட்டு இருக்கு, உள்ள வர மாட்டேங்குது." நீங்களே, "பரவால்ல. ஒங்க ரெண்டு பேரு மூஞ்சியும் தெளிஞ்சு இருக்கு. அது போதும்" என்று முடித்துவிட்டீர்கள்.

அந்த மதுரை மருத்துவர் ஊர் மாறிப் போனார். போகும்போது வழி சொல்லித்தான் அனுப்பினார். ரத்தம் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். வாந்தி, தள்ளாட்டம், நாக்குக் குழறல் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். பக்கத்திலேயே இருக்கட்டும் என்று வேறொரு டாக்டரிடம் மாறினோம். அவர் பழைய சீட்டைப் பார்த்து, "இதையே போட்டுரட்டுமா?" என்பார். போட்டுத் தருவார். "ரத்தம் பாக்கணும்ல டாக்டர்?" என்று கேட்டேன். "நல்லாத்தானம்மா இருக்காரு, எதுக்குப் போட்டு வீணா அலையறீங்க?" என்றார். அடுத்த முறையும் கேட்டேன். அதே பதில்தான். நீங்களும் நன்றாகத்தான் இருந்தீர்கள்.

பிறகு ரத்தக்கொதிப்பு என்று இன்னொரு டாக்டர். அவர் சிறுநீர் நன்றாகப் போகும் மாத்திரை ஒன்று கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்டாராம். "நரம்புக்கு ஒரு மாத்திர" என்றீர்களாம். வியாதியின் பெயரைச் சொல்ல உங்களுக்குக் கூச்சம். பைத்தியம் என்ற சொல் அத்தனை வருடம் கழித்தும் உங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

சித்திரை வெயில். தண்ணீர் நிறுத்தி, வாய்க்காலில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் கரையில் நின்றீர்கள். முதலில் வயிற்றுப்போக்கு, வெயில்தான் என்றோம். பிறகு கை நடுக்கம் கூடி, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஒரு மாலை உத்தமபாளையம் பேருந்து நிலையத்தில் நீங்கள் தள்ளாடி விழுந்தீர்கள். பேச்சுக் குழறியது. தூக்கிவந்து வீட்டில் விட்டவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "டீச்சர் வீட்டுக்காரரும் ஆரம்பிச்சுட்டாரு" என்று சிரித்தார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவர் நீங்கள். உங்கள் அண்ணன்கூட வந்து உங்கள் வாயருகே முகர்ந்து பார்த்தார். "வாட வரலையேத்தா" என்று குழம்பினார்.

எனக்கு அந்த மதுரை மருத்துவர் சொன்னது அப்படியே காதில் விழுந்தது. "பெரிய மாமா, வண்டியப் பிடிங்க. மதுரைக்குப் போகணும்" என்று உங்கள் அண்ணனிடம் கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் இளைஞர் ஒருவர்தான் டாக்டராக இருந்தார். லித்தியம் என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்தார். "கடைசியா ரத்த அளவு எப்பப் பாத்தீங்க?"

"பாக்கணுமான்னு கேட்டேன் டாக்டர். வேண்டாம்னுட்டாக."

பிரஷர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். உடம்பிலிருந்து உப்பும் நீரும் குறையக் குறைய லித்தியம் வெளியே போகாமல் ஏறிக்கொண்டே போகும் என்றார். எழுதியபடி ரத்தம் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் எந்திரத்தில் உங்களைப் போட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் உங்கள் அண்ணனும் தரையில் உட்கார்ந்திருந்தோம். நினைவு திரும்பியதும் என்னை அடையாளம் கண்டீர்கள். ஊர் முழுக்க நீங்கள் குடித்ததாகப் பேச்சு என்றேன். இழுத்து இழுத்துச் சொன்னீர்கள்: "அப்ப... குடிச்சே... பாத்திருக்கலாம்." உங்கள் அண்ணன் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

உயிர் வந்தது, நடை முழுதாக வரவில்லை. லித்தியத்தை நிறுத்தி வேறு மருந்து மாற்றினார்கள். அந்த இளைஞர் அதற்கும் ரத்தம் பார்த்தார், விடாமல் பார்த்தார். ஆனால் கரைமேல் நடக்கும் கால் போய்விட்டது. வேலையை எழுதிக் கொடுத்தோம். உங்கள் அண்ணன் முன்பு சொன்னதுதான் நடந்தது. காரணம்தான் வேறு.

சில வருடங்கள் வீட்டிலிருந்தீர்கள். ஒரு காலையில், முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே சாய்ந்தீர்கள். நான் பள்ளிக்கு நடந்துகொண்டிருந்தேன். ஆள் வந்து சொல்லித் திரும்பி வரும்போது பாதி முகத்தில் நுரை காய்ந்திருந்தது.

இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. மகள் கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். எல்லோரும் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். அவள், "தூங்குனியாம்மா?" என்றுதான் தொடங்குவாள். நம் வீட்டில் நலம் விசாரிப்பது அப்படித்தான் பழகிவிட்டது. தூங்கினேன் என்பேன். உண்மையில் எதற்காக விழித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அத்தனை வருடம் உங்கள் மூச்சையும் பேச்சின் வேகத்தையும் காவல் காத்த உடம்பு இது. நீங்கள் கொஞ்சம் உரக்கச் சிரித்தால் போதும், இன்று எத்தனை மணிக்குத் தூங்கினார், எப்போது எழுந்தார் என்று மனம் கணக்குப் போடும். உங்கள் சந்தோஷத்தை வியாதியின் அறிகுறியாகத்தான் நான் பார்த்துவந்தேன். பார்க்காமல் இருந்திருக்கவும் முடியாது. இதைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

ஆனால் ஒரு நாள் இருக்கிறது.

நீங்கள் போவதற்குச் சில மாதம் முன்பு, கேரள எல்லையில் குமுளிக்குப் போயிருந்தோம், ஞாபகமிருக்கிறதா? மகளுக்கு ஏலக்காய் வாங்க வேண்டும் என்று. என் தோளைப் பிடித்துக்கொண்டு கடையில் ஏறினீர்கள். கல்லாவில் இருந்தவர் நெற்றியில் சந்தனம் வைத்திருந்தார். நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்த மலையாளத்தையெல்லாம் திரட்டி, "சேட்டா, நல்ல ஏலக்கா உண்டோ? எந்தா வில?" என்று ராகம் போட்டுக் கேட்டீர்கள். அவர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணே, நமக்குக் கம்பம்ணே. சும்மா தமிழ்லயே கேளுங்க" என்றார்.

அவ்வளவுதான். உங்களுக்குச் சிரிப்பு பீறிட்டது. கடைக்காரருக்கும் தொற்றியது. மலையிறங்கும் பேருந்தில் ஒவ்வொரு வளைவிலும், "எந்தா வில..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் என் மடியில் குனிந்து சிரித்தீர்கள். கண்ணில் நீர் வழிந்தது. நானும் சிரித்தேன். லோயர் கேம்ப் வந்து, கூடலூர் தாண்டி, வயிறு வலிக்கும்வரை சிரித்தேன். அன்று ராத்திரி நீங்கள் எப்போது தூங்கினீர்கள் என்று நான் பார்க்கவில்லை. படுத்ததும் நான் தூங்கிவிட்டிருந்தேன்.

மறுநாள் காலை நீங்கள் எப்போதும்போல எழுந்து, சுவரைப் பிடித்து நடந்துபோய், எனக்கு முன்னால் பால் வாங்கி வைத்திருந்தீர்கள். அது வெறும் சிரிப்பு, மாமா. எந்த டாக்டருக்கும் சொல்லத் தேவையில்லாத சிரிப்பு. அதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.